அன்பு, பொறுமை, கருணை என்று எழுதினால் போதாதா?

கேள்வி:

மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களுக்கு வணக்கம். நான் டர்பனில் செவிலியர் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் படிக்கிறேன், வீடு சாட்ஸ்வொர்த்தில். "என் செவிலியத் தத்துவம்" என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் பயிற்சி ஆசிரியை சொன்னார். நோயாளிகள் அனைவரையும் அன்போடும் பொறுமையோடும் கருணையோடும் நடத்துவேன், உடல், உள்ளம், ஆன்மா மூன்றையும் கவனிப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன். "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாங்கள் எடுக்கும் உறுதிமொழியே போதாதா? கோட்பாட்டாளர் ஒருவரைப் பின்பற்றியே ஆக வேண்டுமா? என் முருக பக்தியை அதில் எழுதலாமா? உண்மையைச் சொன்னால், முப்பது நோயாளிகளுக்கு இரண்டே பேர் நிற்கும் வார்டில் தத்துவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. போன வாரம் வயதான நோயாளியான ஓர் ஆயாவுக்குத் தலை கழுவிச் சீவிவிட்டதற்காகப் பொறுப்பு சிஸ்டரிடம் திட்டு வாங்கினேன். அது வேறு கதை.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் ஆசிரியையின் சிவப்பு மை உங்களைப் புண்படுத்தியிருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனாலும் அவர் கேட்டது சரியான கேள்விதான். நீங்கள் எழுதிய பக்கத்தில் உங்கள் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்து இருக்கை மாணவியின் பெயரை எழுதிப் பாருங்கள். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிராது. நோயாளிகளைப் பொறுமையில்லாமல், கருணையில்லாமல் நடத்துவேன் என்று எந்தச் செவிலியரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. ஒரு வாக்கியத்தின் மறுபக்கத்தில் நிற்க யாருமே இல்லையென்றால், அந்த வாக்கியம் உங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்றே பொருள்.

இதற்கு நேர்மாறான ஒன்றைப் பாருங்கள். "வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், முதலில் நம்புவேன்; ஆராய்வது அதற்குப் பிறகுதான்." இது எளிதாகத் தோன்றும். ஆனால் இதன் மறுபக்கம் ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டிருக்கிறது. ஊசிக்காக நடிக்கிறார் என்கிறோம், இந்த வயதில் இவ்வளவு கூச்சலா என்கிறோம், முந்தின ஷிப்டில் போட்டிருப்பார்களே என்று கடந்து போகிறோம். வலி உள்ளவர் எதைச் சொல்கிறாரோ அதுவே வலி, இருக்கிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம் அது இருக்கிறது என்று 1968இல் மார்கோ மெக்காஃபெரி என்ற அமெரிக்கச் செவிலியர் வரையறுத்தபோது, அதுவும் ஒரு சார்பெடுப்பாகவே இருந்தது. நீங்கள் எழுத வேண்டியதும் அப்படிச் சார்பெடுக்கும் வாக்கியங்களைத்தான். உங்களோடு ஒரு முழு ஷிப்ட் நின்று பார்ப்பவர், "எழுதியபடி நடக்கிறாள்" என்றோ "இல்லை, பொய்" என்றோ தீர்ப்புச் சொல்ல முடிகிற வாக்கியங்களாக அவை இருக்க வேண்டும்.

உறுதிமொழியே போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். இடையில் ஒரு சிறு செய்தி: நைட்டிங்கேல் உறுதிமொழி என்று உலகம் முழுவதும் அழைக்கப்படுவதை நைட்டிங்கேல் அம்மையார் எழுதவில்லை. அது 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவர் தலைமையில் எழுதப்பட்டது. நம் தென்னாப்பிரிக்காவில் விளக்கேந்தி நாம் சொல்லும் உறுதிமொழி வேறு. மதமோ நாட்டினமோ இனமோ சமூக நிலையோ என் கடமைக்கும் என் நோயாளிக்கும் நடுவே வர விடமாட்டேன் என்று அதில் சொல்கிறோம். நல்ல சொற்கள்தான். ஆனால் இந்த நாட்டின் வரலாற்றை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1957ஆம் ஆண்டின் செவிலியர் சட்டம், செவிலியர் மன்றத்திலும் செவிலியர் சங்கத்தின் ஆட்சிக் குழுவிலும் வெள்ளையர் மட்டுமே அமரலாம் என்று விதித்தது. மருத்துவமனைகள் இனவாரியாகப் பிரிந்து கிடந்தன. டர்பனில் 1936இல் திறக்கப்பட்ட எட்டாம் எட்வர்ட் மன்னர் மருத்துவமனை வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்றே கட்டப்பட்டது. அந்த ஆண்டுகளில் சட்டத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் பின்பற்றிய செவிலியர் எத்தனை எத்தனை பேர்! சட்டத்தைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லாதவருக்கு, சட்டமே தவறிப்போகும் நாளில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. மற்ற நாட்டு மாணவியைவிட ஒரு தென்னாப்பிரிக்க மாணவிக்கு இந்தப் பயிற்சி அதிகமாகத் தேவை என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

இன்றைய சட்டங்கள் நல்லவை. 2005ஆம் ஆண்டின் 33ஆம் எண் செவிலியர் சட்டம், பணி எல்லையைச் சொல்லும் விதிமுறை, செய்த தவறுகளையும் செய்யாமல் விட்ட தவறுகளையும் பட்டியலிடும் விதிமுறை ஆகியவற்றைத் தேர்வுக்காக நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவையெல்லாம் வீட்டின் தரை; தரையில்லாமல் வீடு இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு படுக்கைகளிலிருந்து அழைக்கிறார்கள், ஒருவருக்கு பெட்பேன் வேண்டும், மற்றவருக்கு மூச்சு வாங்குகிறதோ பயத்தில் கூப்பிடுகிறாரோ தெரியவில்லை என்ற நிலையில், எந்தப் பக்கம் முதலில் திரும்புகிறீர்கள், திரும்பாத பக்கத்துக்கு என்ன சொல்கிறீர்கள் என்பதை எந்த விதிமுறையும் உங்களுக்குச் சொல்லித் தராது.

செவிலியம் என்றால் என்ன என்று வகுத்துச் சொன்ன கோட்பாட்டாளர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதர், உடல்நலம், சூழல், செவிலியம் என்ற நான்கு தூண்களை உங்களுக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மாணவர்கள் பெரும்பாலும் நான்குக்கும் நான்கு வரையறைகளைப் பாடநூலிலிருந்து இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். என் ஆலோசனை வேறு. ஒரே ஒரு கோட்பாட்டாளரை எடுத்துக்கொண்டு, அவரோடு எந்த இடத்தில் உங்களால் ஒத்துப்போக முடியவில்லை என்று தேடுங்கள்.

என்னைப் பொறுத்தவரை அவர் வர்ஜீனியா ஹென்டர்சன். நோயாளிக்கு வலிமையும் மனவுறுதியும் அறிவும் இருந்திருந்தால் தாமே செய்துகொள்ளக்கூடியவற்றைச் செய்ய அவருக்கு உதவுவதும், கூடிய விரைவில் அவரைத் தம் காலில் நிற்க வைப்பதும் செவிலியரின் தனிப் பணி என்றார் அவர். முதல் பாதியை நான் வேதம்போல ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவது பாதியில்தான் பல ஆண்டுகள் அவரோடு சண்டை போட்டேன். நம் வீடுகளில் மகள் ஊட்டிவிடச் சாப்பிடுவது ஓர் ஆயாவுக்குத் தோல்வி ஆகாது. அது அவர் வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்த்த மரியாதை. கையில் கரண்டியைத் திணித்து "நீங்களே சாப்பிடுங்கள், ஆயா" என்று நான் சொன்னபோது, என்னைப் பெற்றவள் சரியாக வளர்க்கவில்லை என்பதுபோல ஒருவர் என்னைப் பார்த்தார். ஆனால் அதே ஆயா இன்சுலின் ஊசியையும் மகளே போடட்டும் என்று விட்டுவிட்டால், மகள் வேலைக்குப் போகும் நாளில் என்ன ஆகும்? அங்கே ஹென்டர்சன் சொன்னதுதான் சரி. ஆக, "எதைத் தாமே செய்துகொள்ள விரும்புகிறார், எதைத் தாமே செய்யத் தெரிந்திருந்தே ஆக வேண்டும் என்று பிரித்துக் கேட்பேன்" என்ற வாக்கியம் என் பக்கத்தில் இடம்பெற்றது. அது ஹென்டர்சனின் வாக்கியம் ஆகாது. அவரோடு சண்டை போட்டிராவிட்டால் எனக்கு அது கிடைத்தும் இருக்காது.

இனி, என் தத்துவத்தில் எனக்கு மிக முக்கியமான வரி எப்படி வந்தது என்று சொல்கிறேன். அது ஒரு தவறிலிருந்து வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் மாணவிதான். அறுவைக்கு அனுப்புவதற்கு முன் நோயாளியைத் தயார் செய்வது என் வேலை. பொய்ப்பல், நகைகள், நகப்பூச்சு, ஊக்குகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே சரிக்குறி போட வேண்டும். அன்று காலையில் எனக்குக் கிடைத்தவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மையார். சர்க்கரை நோயால் அழுகிப்போன கால்விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. கழுத்தில் தாலிக்கொடி. நகை என்ற கட்டத்தில் சரிக்குறி போட வேண்டும், ஆப்பரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் வந்து தள்ளுவண்டியோடு நிற்கிறார். "கழற்றுங்கள் ஆயா, சட்டம்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கைகள் நடுங்கியதால் நானே கொக்கியைக் கழற்றி, ஒரு காக்கி உறையில் போட்டு ஒட்டி, மேலே அவருடைய பெயரையும் படுக்கை எண்ணையும் எழுதினேன். வேலை சுத்தமாக முடிந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

மயக்கம் தெளிந்து வார்டுக்குத் திரும்பிய பிறகு, கால் கட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வலது கை மட்டும் திரும்பத் திரும்பக் கழுத்தடிக்குப் போய், எதையோ தேடி, வெறுமையாகப் படுக்கைக்குத் திரும்பியது. மாலையில் அவருடைய கணவர் வந்தார். விரல்கள் போன காலை அவர் முதலில் பார்க்கவில்லை; கழுத்தைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பார்வை நேரம் முழுவதும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தமிழ் வீட்டில் பிறந்து, என் தாயின் கழுத்தைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அது என்னவென்று தெரியாதா? தெரியும். கட்டத்தில் சரிக்குறி போடும் வேகத்தில் தெரியாததுபோல் நடந்துகொண்டேன் என்பதுதான் அதில் உள்ள தவறு.

அன்றிரவு பணியில் இருந்த மூத்த சிஸ்டர் ஒருவர், அவரும் நம் ஊர்க்காரர்தான், என்னைத் திட்டவில்லை. பொருள் வைப்பறையிலிருந்து உறையை எடுத்து வரச் சொல்லி, அந்த அம்மையாரின் கையிலேயே அதைக் கொடுத்தார். அறுவை கால் பக்கம் என்றால் கொடியை அசையாதபடி மெல்லிய துணி வைத்துப் பிளாஸ்திரியால் ஒட்டி, அறுவை அரங்கச் சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றும், கழுத்திலோ மார்பிலோ அறுவை என்றாலோ மின்சாரக் கருவியால் தீப்புண் ஏற்படும் என்று அஞ்சினாலோ உலோகம் கட்டாயம் போக வேண்டும், அப்போது மஞ்சள் துண்டு கோத்த மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டு அதன் பிறகே தங்கத்தைக் கழற்ற வேண்டும், நம் பெண்கள் அடகுக் கடைக்குப் போகும்போதே அப்படித்தானே செய்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். அடகுக் கடையை அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதற்குப் பிறகு சீருடைப் பையில் ஒரு சிறு மஞ்சள் கயிற்றுச் சுருள் எப்போதும் வைத்திருந்தேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் "நோயாளியின் பண்பாட்டை மதிப்பேன்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். சில ஆண்டுகள் கழித்து, நம் பெண்களில் இன்னொருவர், முப்பது வயதிருக்கும், அறுவைக்கு வந்தார். கயிற்றை எடுத்துக்கொண்டு மிகுந்த கரிசனத்தோடு அவர் அருகே போனேன். அவர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதைக் கழற்ற ஒரு காரணம் கிடைக்காதா என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறேன், அக்கா. நீங்கள் இன்னொன்றைக் கொண்டு வருகிறீர்களே" என்றார். அவர் உடலில் பழைய கன்றல்கள் இருந்ததை நான் அதன் பிறகே கவனித்தேன். முதல்முறை தெரிந்ததை மறந்துவிட்டேன்; இரண்டாம்முறை எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன். என் பக்கத்தில் இப்போது உள்ள வரி இதுதான்: "நோயாளியின் உடலிலிருந்து எதையும் கழற்றுவதற்கு முன்பும், எதையும் கட்டுவதற்கு முன்பும், அது அவருக்கு என்ன என்று அவரிடமே கேட்பேன்." கேட்க அரை நிமிடம் ஆகும். தள்ளுவண்டிக்காரர் அரை நிமிடம் காத்திருப்பார்.

நம்மவரிடமே இப்படியென்றால், நம் மொழி பேசாதவரிடம் எவ்வளவு கேட்க வேண்டியிருக்கும்! நம் குவாசுலு நட்டால் மாகாணத்தில் உங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர் சுலு பேசுபவர்கள். "குபுஹ்லுங்கு குபி?", அதாவது எங்கே வலிக்கிறது என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடாதீர்கள். கணவன் பெயரைச் சொல்லாத பாட்டிமார் நம் குடும்பங்களில் இருந்தார்கள் அல்லவா? சுலு மக்களிடம் ஹ்லோனிபா என்ற மரபு உண்டு. மணமான பெண் மாமனாரின் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். பதிவுப் படிவத்தை நிரப்பும்போது ஒரு சுலுப் பாட்டி திடீரென்று வாயை மூடிக்கொண்டால், ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிடாமல், பக்கத்தில் நிற்கும் பேத்தியிடம் கேட்க உங்களுக்குத் தோன்ற வேண்டும். மனிதர் மற்ற மனிதரால்தான் மனிதராகிறார் என்பதைச் சொல்லும் உபுண்டு என்ற சொல்லை எல்லா மாணவரும் இந்தப் பக்கத்தில் அலங்காரமாக ஒட்டிவிடுகிறார்கள். அதைவிட, "என் பயிற்சி முடியும்முன் நோயாளியின் முழு வரலாற்றையும் சுலுவில் கேட்டு எழுதக் கற்பேன்" என்ற வரியை உங்கள் ஆசிரியை பெரிதாக மதிப்பார் என்று நினைக்கிறேன்.

முப்பது நோயாளிக்கு இரண்டு பேர் என்ற உங்கள் கேள்விதான் கடிதத்திலேயே கனமானது. இதை நம் நீதிமன்றமே எதிர்கொண்டிருக்கிறது. தியாகராஜ் சூப்பிரமணி என்று நாம் உச்சரிக்கக்கூடிய பெயர் கொண்ட, 41 வயதான, வேலையற்ற டர்பன்காரர் ஒருவர், நீரிழிவும் இதய நோயும் இருக்க, இரு சிறுநீரகங்களும் செயலிழந்த நிலையில், அடிங்டன் மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டார். கருவிகளும் ஆட்களும் போதாததால், சிறுநீரக மாற்று அறுவைக்குத் தகுதியுள்ளவர்களுக்கே நீடித்த டயாலிசிஸ் என்று அங்கே ஒரு நெறிமுறை இருந்தது. இதய நோய் இருந்ததால் அவர் அந்த வரையறைக்குள் வரவில்லை. அவசர மருத்துவத்தை யாருக்கும் மறுக்கக் கூடாது என்ற அரசியலமைப்பின் 27ஆம் பிரிவைக் காட்டி வழக்குத் தொடுத்தார். நாள்பட்ட நோய்க்கான தொடர் சிகிச்சை அந்தப் பிரிவில் அடங்காது என்று 1997 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அவர் நீண்ட நாள் உயிரோடிருக்கவில்லை. அந்தத் தீர்ப்பு சரியா, தவறா என்று வழக்கறிஞர்கள் இன்னும் பேசுகிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு: யாருக்குக் கொடுப்பது என்று நெறிமுறை முடிவு செய்யலாம், கிடைக்காது என்று கேட்டவரின் பக்கத்தில் அடுத்த ஐந்து நிமிடம் யார் நிற்பது என்பதை எந்த நெறிமுறையும் முடிவு செய்யவில்லை. பெரும்பாலும் அங்கே நிற்பவர் ஒரு செவிலியர்.

அவசரப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்று காட்டும் நிறங்கள் உங்களுக்குத் துணைக்கு வரும். தென்னாப்பிரிக்க முன்னுரிமை அளவுகோலின்படி சிவப்புக்கு உடனே, ஆரஞ்சுக்குப் பத்து நிமிடத்துக்குள், மஞ்சளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், பச்சைக்கு நான்கு மணி நேரத்துக்குள் என்று போகலாம். வார்டில் படுத்திருப்பவர்களின் நெற்றியில் நிறம் கிடையாது. ஆட்கள் நிறைந்திருக்கும் நாளில் மட்டும் செல்லுபடியாகும் தத்துவத்தை எழுதாதீர்கள். மிக மோசமான ஷிப்டில் எவற்றையெல்லாம் கைவிடுவீர்கள் என்று முதலில் எழுதுங்கள், ஆம், கைவிடுவதைத்தான். படுக்கை விரிப்பின் மூலை மடிப்பு போகலாம், மேசை ஒழுங்கு போகலாம், மேட்ரன் வரும்போது நேராக நிற்கும் வரிசைகூடப் போகலாம். எல்லாவற்றையும் கைவிட்ட பிறகும் விடாமல் வைத்திருப்பவை இரண்டோ மூன்றோ மிஞ்சும். அவைதான் உங்கள் தத்துவம்.

எனக்கு மிஞ்சியவற்றில் ஒன்று, நம் மொழியோடு தொடர்புள்ளது. நாம் ஓரிடத்தை விட்டுப் போகும்போது "போகிறேன்" என்று சொல்வதில்லை, "வருகிறேன்" என்கிறோம். வீட்டு வாசலில் அது மங்கலம். வார்டில் அது பொய்யாகிவிடுகிறது. "இதோ வருகிறேன், ஆயா" என்று சொல்லிவிட்டு நான் போன பிறகு, எழுந்து நடக்க முடியாத ஒருவர் கதவையே பார்த்துக்கொண்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கிக்கொண்டு படுத்திருப்பார். ஆகவே "மருந்துச் சுற்று முடிய அரை மணி ஆகும், அதன் பிறகு உங்களிடம்தான் வருவேன், அதுவரை தாங்க முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள்" என்று சொல்லப் பழகினேன். இது கூடுதல் வேலையே இல்லை. "எப்போது திரும்பி வருவேன் என்பதைப் பற்றி நோயாளியிடம் பொய் சொல்ல மாட்டேன்" என்பது, ஆள் பற்றாக்குறையிலும் காக்க முடிகிற வாக்குறுதி. நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ முறை அதை மீறியிருக்கிறேன். மீறியபோது மீறினேன் என்று எனக்குத் தெரிந்தது.

முருக பக்தியைப் பற்றி. காவடி எடுக்கும் பெண் என்றால் விரதம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு மருத்துவமனையில் பயன்படும். புரட்டாசி வந்தால் நம் ஊரில் எத்தனை வீடுகளில் கறி, மீன் நின்றுபோகிறது! அதில் சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் சனிக்கிழமையன்று முழுப் பட்டினி கிடந்துகொண்டே இன்சுலினையோ சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளையோ வழக்கமான அளவில் எடுத்தால் மயங்கி விழுவார். "விரதம் இருக்கக் கூடாது" என்று அதட்டும் செவிலியரிடம் நோயாளி அடுத்த மாதம் உண்மையைச் சொல்ல மாட்டார். எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று கேட்டு, மருந்தளவைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவைக்கும் செவிலியரிடம்தான் சொல்வார். இந்த அளவில் உங்கள் பக்தி பக்கத்தில் இடம்பெறலாம். உங்களுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி எழுதுவதிலும் தவறில்லை. ஆனால் உங்கள் கையால் நல்ல பணிவிடை பெறுவதற்கு நோயாளி உங்கள் முருகனை நம்ப வேண்டியிருக்கக் கூடாது.

இன்னொன்றும் இதில் அடங்கும். மனச்சான்றின்படி உங்களால் செய்ய முடியாத பணி ஏதேனும் உண்டா? 1996ஆம் ஆண்டின் 92ஆம் எண் சட்டம் கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமையாக்கியது. பயிற்சி பெற்ற மருத்துவச்சியும் செவிலியரும் கருவுற்ற முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் அதைச் செய்யலாம். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. உங்களால் அதில் பங்கேற்க முடியாது என்றால் அதை இப்போதே காகிதத்தில் எழுதி, வேலைக்குச் சேரும்போதே பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். அழுதுகொண்டு வாசலில் நிற்கும் பெண்ணிடம் உங்கள் மனச்சான்றை முதன்முதலாக அறிவிப்பது கொடுமை; அவள் வழியை அடைப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

எழுதும் முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வார்டு அனுபவத்தில் மனத்தை விட்டு அகலாத மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றாவது நீங்கள் வெட்கப்படும் நிகழ்ச்சியாக இருக்கட்டும். முதலில் என்ன செய்தீர்கள், அதனால் யார் காத்திருக்க நேர்ந்தது, இப்போது அதே நிலை வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிப் பாருங்கள். நோயாளியின் பெயர், படுக்கை எண், ஊர், ஆளை அடையாளம் காட்டும் நோய்க்குறிப்பு எதுவும் வேண்டாம். தனியுரிமைச் சட்டம் மாணவரின் கட்டுரைக்கும் பொருந்தும். எழுதியதை ஆசிரியையிடம் காட்டுவதற்கு முன், உங்களோடு ஷிப்ட் செய்த ஒருவரிடம் காட்டி, "நான் இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேளுங்கள். அவர் சிரித்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். பக்கத்தின் மூலையில் தேதி போடுங்கள். படிப்பு முடிந்து சமூகப் பணி ஆண்டை முடித்ததும் மறுபடி எழுத வேண்டியிருக்கும். விதிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பது தொடக்க நிலையில் இயல்புதான் என்று அமெரிக்கச் செவிலியக் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் 1984இலேயே விளக்கியிருக்கிறார்; உங்கள் முதல் பக்கத்தில் விதிகள் மிகுந்து தெரிந்தால் கூச்சப்பட வேண்டாம்.

கடைசியாக, "அது வேறு கதை" என்று நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டதைப் பற்றிச் சொல்கிறேன். அது வேறு கதை இல்லை. உங்கள் ஆசிரியை தேடிய ஆள் அங்கேதான் இருக்கிறார். அத்தனை வேலைக்கு நடுவில் ஓர் ஆயாவின் தலையைக் கழுவிச் சீவிவிட உங்களுக்கு ஏன் தோன்றியது? பார்வை நேரத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்பதாலா, அவர் கேட்டாரா, கேட்க வெட்கப்படுவதைக் கண்டீர்களா? தண்ணீரை எங்கிருந்து சுமந்து வந்தீர்கள், அவர் என்ன சொன்னார்? பொறுப்பு சிஸ்டர் திட்டியபோது உங்கள் வாய்க்குள் என்ன பதில் இருந்தது, ஏன் அதைச் சொல்லவில்லை? அவருடைய திட்டிலும் ஒரு தத்துவம் இருக்கிறது, அதையும் நியாயமாகக் கேட்டுப் பாருங்கள். அவர் கணக்கில் அந்த நேரம் வேறு யாருக்கோ உரியதாக இருந்திருக்கலாம். முதல் பத்தியை அந்தக் குவளைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். அந்த இருபது நிமிடத்தில் எந்தப் படுக்கையில் இரத்த அழுத்தம் பார்க்கப்படாமல் இருந்தது என்பதையும் அதே பத்தியில் எழுதிவிடுங்கள்.